தினமும் சிவராத்திரி: இரட்டைக் குழந்தை வீட்டாருக்கு ஐந்து யோசனைகள்

நஞ்சன்கூட்டில் ஸ்ரீகண்டேஸ்வரருக்கு வருஷத்தில் ஒரு ராத்திரிதான் கண்விழிப்பு. இரட்டைக் குழந்தை பிறந்த வீட்டுக்குத் தினமும். பெற்றவள் தப்பித்தவறிக்கூடத் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள, வீட்டாருக்குச் சில வழிகள்.

1. முறைவைத்துப் பால் கொடுக்கச் சொல்லுங்கள். பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 தடவை குடிக்கும். இரண்டுக்கும் சேர்த்தால் 24 வரை போகும். மூத்தது ஏப்பம் விட்டுக் கண்ணயரும்போது இளையது ஆரம்பிக்கும். ஒன்று விழித்ததுமே மற்றதையும் எழுப்பி, தலையணை அண்டக்கொடுத்து, இரண்டு கக்கத்திலும் இடுக்கி ஒரே நேரத்தில் குடிக்க வைத்தால் அம்மாவுக்குத் தூக்கம் கிடைத்துவிடும். ஜாக்கிரதை.

2. எந்த அழுகைக்கும் "பால் பத்தலை" என்றே சொல்லுங்கள். முதல் நாள் ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன் அளவே போதும் என்பதையும், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ராத்திரியில்தான் கூடும் என்பதையும் மூச்சுவிடாதீர்கள். முதல் வாரம் கழிந்ததும் நாளைக்கு ஆறு ஈரத்துணியாவது சேர்கிறதா என்று எண்ணவும் வேண்டாம். எடையும் பார்க்க வேண்டாம். பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

3. கைவைத்தியம் செய்யுங்கள். திப்பு சுல்தானின் யானைக்குக் கண் சரியானதாகச் சொல்லி, சாமியையே 'ஹக்கீம் நஞ்சுண்டர்', அதாவது வைத்தியர் நஞ்சுண்டர், என்று கொண்டாடிய ஊர் இது. வருகிறவர்கள் எல்லாரும் ஹக்கீம்தான். தேன், சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர் எல்லாம் தயாராக இருக்கட்டும். "ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம், எடை குறைவாகப் பிறந்திருந்தால் நான் சொல்கிற நேரத்துக்கு எழுப்பிக் கொடுங்கள்" என்கிற டாக்டர் பாவம், யானையைப் பார்த்ததில்லை.

4. பங்குனித் தேருக்கு உறவுக்காரர்களை அழையுங்கள். ஐந்து தேரையும் பார்த்துவிட்டு, சாமராஜநகர் ரயிலுக்கு நேரம் இருக்கிறதே என்று வருவார்கள். லைட்டைப் போட்டு, தூங்குகிற இரண்டையும் தூக்கி, "யார் ஜாடை?" என்று விவாதிக்கட்டும். வாங்கி வந்த ரசவாழையை அவர்களே சாப்பிடட்டும். பிள்ளை பெற்றவளுக்குக் குளிர்ச்சி ஆகாதாம்.

5. இது அப்பாவுக்கு மட்டும். துணி மாற்றுவது, தோளில் போட்டு முதுகைத் தட்டுவது, மல்லாக்கப் படுக்க வைப்பது எல்லாம் ஆண்களுக்கும் வரும் என்ற ரகசியத்தை வெளியே விடாதீர்கள். நன்றாகக் குறட்டை விடுங்கள். காலையில் எழுந்து, 1913-இல் இவ்வூரில் தொடங்கிய சத்வைத்யசாலையின் நஞ்சன்கூடு பல்பொடியால் பல் துலக்கி, "ராத்திரி ரெண்டும் சமத்தாத் தூங்கிச்சுங்க இல்ல?" என்று மனைவியிடம் கேளுங்கள்.

அதற்குப் பிறகு உங்களுக்குப் பல்பொடி தேவைப்படாது.