சி-யிலிருந்து டி-க்குக் குடிமாற்றம்

டொரண்டோ.

பூஜ்யஸ்ரீ பெரியப்பா அவர்களுக்கு அநேக நமஸ்காரம். உபயகுசலோபரி.

தங்கள் கம்ப்யூட்டரில் சி டிரைவ் நிரம்பிச் சிவப்புக் கோடு காட்டுவதாகவும், புதிதாக ஒன்று வாங்கிவிடலாமென்று பேரன் யோசனை சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து பணப்பையைத் திறந்துவிட வேண்டாம். அதே வியாதி என் பெட்டிக்கும் வந்து, சொஸ்தமான விருத்தாந்தத்தை இங்கே விஸ்தரிக்கிறேன்.

வெளியே மைனஸ் 20 டிகிரி வரை இறங்கிவிடும் இவ்வூர்க் குளிர்காலத்தில், மனிதன் வீட்டுக்குள் செய்யக்கூடிய காரியங்கள் சொற்பம். சென்னையில் இருந்த காலத்தில் கன்னிமாரா நூலகத்தின் படியேறச் சோம்பல்பட்ட அடியேன், இங்கு வந்தபின், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்நூல்களையும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்திலுள்ள பழம் பதிப்புகளையும் இரவு பகலாக டவுன்லோட் செய்துகொண்டிருக்கிறேன். எழுத்தாக உள்ளவை இடத்தை அடைப்பதில்லை. பக்கம் பக்கமாகப் படம் பிடித்தவையும், நம் பந்துக்கள் பிரீதியுடன் அனுப்பும் கல்யாண வீடியோக்களுமே 128 ஜி.பி. கொண்ட என் சி டிரைவை மூச்சுத் திணற அடித்தன. பக்கத்திலேயே 1 டி.பி. டி டிரைவ் காலியாகக் கிடந்தது.

ஏ-யும் பி-யும் எங்கே போயின என்று தாங்கள் கேட்பீர்கள். 1981-இல் வந்த ஐ.பி.எம். கம்ப்யூட்டரில் அவ்விரு எழுத்துக்களும் பிளாப்பி டிரைவுகளுக்கு உரியவை; 1983-இல் ஹார்டு டிஸ்க்கோடு வந்த அடுத்த மாடலில் அது சி என்ற பெயரைப் பெற்றது. தாசில்தார் மாற்றலாகிப் போய் ஒரு தலைமுறை ஆனபிறகும் அவர் குடியிருந்த வீட்டை நம் தெருவில் தாசில்தார் வீடு என்றே சொல்வதுபோல, பிளாப்பி மறைந்தும் அவ்விடங்களில் பெரும்பாலும் யாரும் குடியேறுவதில்லை.

இங்கே ரிப்பேர்காரரைக் கூப்பிட்டால், பெட்டியைப் பார்ப்பதற்கு ஒரு கூலி, தொடுவதற்கு வேறொரு கூலி. ஆகையால் இந்நாட்டில் குடியேறுகிறவன் காலக்கிரமத்தில் தானே தச்சனாகவும், குழாய்க்காரனாகவும், யந்திர வைத்தியனாகவும் ஆகிவிடுகிறான்.

சிகிச்சை சுலபம். முதலில் டி டிரைவில் டவுன்லோட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்குங்கள். பிறகு சி-யிலுள்ள டவுன்லோட்ஸ் ஃபோல்டர்மீது மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, ப்ராப்பர்ட்டீஸ், அதில் லொகேஷன், அதில் மூவ் என்று போய், புதிய ஃபோல்டரைக் காட்டி அப்ளை செய்யுங்கள். பழைய சாமான்களையும் கொண்டுபோகட்டுமா என்று யந்திரம் விநயமாகக் கேட்கும், ஆமென்று சொல்லுங்கள். ஒரே டிரைவுக்குள் என்றால் இருப்பிடக் குறிப்பு மட்டும் மாறிக் கணத்தில் முடிந்துவிடும். டிரைவ் விட்டு டிரைவ் போகையில் ஒவ்வொன்றும் முழுதாகப் பிரதியெடுக்கப்பட்டு, அதன்பின்னரே மூலம் அழிக்கப்படுவதால், சாம்பார் கொதித்து இறக்கி ஆறும்வரை பொறுமை வேண்டும். குரோம் தன் செட்டிங்ஸில் பழைய இடத்தையே குறித்து வைத்திருந்தால் அங்கும் மாற்றுங்கள். அது இனி வருவனவற்றை மட்டுமே புது இடத்துக்கு அனுப்பும், முன்பு வந்தவற்றைத் தொடாது.

ஒரு எச்சரிக்கை. எங்கள் மாடிவீட்டு நண்பர் ஃபோல்டர் உண்டாக்கும் சிரமத்தை மிச்சப்படுத்த எண்ணி, டி டிரைவையே நேராகக் காட்டிவிட்டார். யந்திரமோ சொன்ன சொல்லைச் சிரமேற்கொள்ளும் ஜாதி. அவருடைய வரிக்கணக்கும் குழந்தையின் பிறந்தநாள் படங்களும் அடங்கிய டிரைவ் முழுவதையும் டவுன்லோட்ஸ் என்று பிரகடனம் செய்துவிட்டது. பழைய நிலைக்குத் திருப்ப முனைந்தபோது அத்தனையையும் சி-க்குள் திணிக்க அது சித்தமாக நின்றதைக் கண்டு, நண்பர் அகாலத்தில் என் கதவைத் தட்டினார்.

இவ்வளவு புத்தகம் சேர்த்தவன் எத்தனை படித்தான் என்று பெரியம்மா கேட்கக்கூடும். டி டிரைவில் இன்னும் 800 ஜி.பி. இடம் பாக்கியிருக்கிறது என்று மட்டும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் ஆசீர்வாதத்தை வேண்டும்
தம்பி மகன்