உதை தாங்கும் பெட்டி

2002 வாக்கில் பாரூரில் நாங்கள் செய்த வீடியோ கேம் பெட்டிக்கு உடம்பு மாம்பலகை. எங்கள் பக்கம் பஞ்சமில்லாத சரக்கு. உள்ளே பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய கம்ப்யூட்டர். அதில் கேப்காமின் 1993-ஆம் வருட ‘கெடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’. அப்படிச் சொன்னால் ஒருவனுக்கும் புரியாது, ‘முஸ்தபா’ என்றால்தான் தெரியும். ஆட்டத்துக்கு ஒரு ரூபாய்.

தலைவலி ஹார்ட் டிஸ்க்தான். தோற்றவன் பெட்டியை உதைப்பான், ஜெயித்தவனும் உதைப்பான். நிமிஷத்துக்கு 5400 சுற்று சுற்றும் தட்டின்மேல், தலைமயிரின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில் ஹெட் மிதக்கிறது. கரண்ட் போனால்கூடப் பிழைத்துக்கொள்ளும்: தட்டின் மிச்சச் சுழற்சியிலிருந்தே மின்சாரம் எடுத்து ஓரமாக ஒதுங்கிவிடும். உதைக்கு அப்படி ஏற்பாடில்லை. (1994-இல் வந்த ‘கில்லர் இன்ஸ்டிங்க்ட்’ மிஷினிலும் ஹார்ட் டிஸ்க்தான் சுற்றியது. அமெரிக்காவில் உதைக்கமாட்டார்களோ என்னவோ.)

பலகையோடு இறுக்கினால் உதை நேராக உள்ளே போகிறது. சைக்கிள் ட்யூபில் தொட்டில் கட்டினால், ஹெட் வெடுக்கென்று திரும்பும் வேகத்துக்கு டிஸ்க்கே ஆடித் தன் தடத்தைத் தவறவிடுகிறது. ஓசூர் சிப்காட்டில் ஃபிட்டராக இருந்த அண்ணன் தகரத்தில் எல் ஆங்கிள் வளைத்துக் கொண்டுவந்தார். கூடவே பை நிறைய எம்3 ஸ்க்ரூ. சி.டி. டிரைவுக்கு அது கச்சிதம். ஹார்ட் டிஸ்க்குக்கோ அங்குலக் கணக்கு மரை, 6-32. எம்3 உள்ளே போகும், பிடிக்காது. வாரம் முழுக்க மைக்ரான் கணக்கில் பாகம் கடைகிறவர், ஞாயிற்றுக்கிழமை ட்யூபை வாஷராக வெட்டி, பழைய கேபினெட்டில் கழற்றிய ஸ்க்ரூவையே போட்டு அளவாக முடுக்கினார். நின்றது.

இப்போது அக்கா மகனும் ஒரு பெட்டி செய்திருக்கிறான். போச்சம்பள்ளியில் 2021-இல் ஓலா ஸ்கூட்டர் ஆலை வந்தபிறகு வளர்ந்த இன்ஜினியர். லேசரில் வெட்டி பவுடர் கோட்டிங் அடித்த பிராக்கெட், நாலு மூலையிலும் ரப்பர் புஷ். அதற்கான செலவில் இன்னொரு எஸ்எஸ்டி வாங்கலாம். உட்கார்ந்திருப்பதும் எஸ்எஸ்டிதான், அதில் சுற்றுவது எதுவுமில்லை. 1500 ஜி அதிர்ச்சி தாங்குமாம். டபுள் சைடு டேப்பே அதிகம்.

“ரப்பர் எதுக்குடா?”

“வைப்ரேஷனுக்கு, மாமா.”

“எது வைப்ரேட் ஆகுது?”

கொஞ்சம் யோசித்தான். “டிசைன் ரிவ்யூல கேப்பாங்க.”

பழக்க தோஷம், காலைத் தூக்கினேன்.

“மாமா! முன்பக்கம் அக்ரிலிக், உடைஞ்சிடும்!”