சுல்தான் சுரண்டிய காசு

1589ஆம் வருடம் இஸ்தான்புல்லில் ஜானிசாரிப் படைக்காரர்கள் சம்பளம் வாங்கினார்கள். எண்ணிப் பார்த்தால் கணக்கு சரியாகத்தான் இருந்தது. கையில் தூக்கிப் பார்த்தால்தான் ஊதினால் பறக்கும்போல இருந்தது. காரணம், மூன்றாம் முராத் சுல்தானின் அக்கசாலை நாலு வருடம் முன்பு செய்த சித்து வேலை. 100 திர்ஹம் எடை வெள்ளியில் 450 'அக்சே' காசு அடித்துக்கொண்டிருந்தவர்கள், அதே வெள்ளியில் 800 காசு அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். 60 அக்சேக்குக் கிடைத்த தங்கக்காசுக்கு இப்போது 120 அக்சே.

சிப்பாய்க்கு இந்தக் கணக்கெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று அரண்மனை நினைத்தது. ஆனால் ரொட்டிக் கடைக்காரனுக்குப் புரிந்துவிட்டது. அவன் சொல்லிச் சிப்பாய்க்கும் புரிந்தது. படை நேரே அரண்மனை வாசலில் போய் நின்று, இதற்கெல்லாம் காரணம் இவர்தான் என்று ரூமேலியா ஆளுநர் மெஹ்மெத் பாஷாவின் தலையைக் கேட்டது. சுல்தான் யோசித்தார். கஜானாவில் வெள்ளி இல்லை, தலை இருந்தது. கொடுத்துவிட்டார். கொசுறாக நிதி அதிகாரியின் தலையும் போனது.

நாணய மாற்று விகிதம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். காசின் மேல் எண்ணைப் போடுவது அரசாங்கம். அதற்கு எத்தனை ரொட்டி என்று முடிவு செய்வது கடைக்காரன். துருக்கியில் இந்த இருவருக்கும் நடக்கும் வழக்கு நானூறு வருடங்களாக முடிந்தபாடில்லை.

நடுவில் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1844இல் தங்க லிரா வந்தது. ஒரு லிராவுக்கு நூறு குருஷ். பார்க்க லட்சணமாக இருந்தது. 1854இல் கிரீமியப் போருக்காக முதல் வெளிநாட்டுக் கடன். 1875இல் கையை விரித்தார்கள். 1881இல் கடன் கொடுத்தவர்கள் இஸ்தான்புல்லிலேயே அலுவலகம் போட்டு, உப்பு, புகையிலை, மீன், பட்டு என்று வரி வருமானத்தைத் தாங்களே வசூலித்துக்கொண்டார்கள். ஈட்டிக்காரன் வீட்டுத் திண்ணையில் வந்து குடியேறியதுபோல.

குடியரசு வந்தபின் 1930இல் துருக்கிப் பணத்தின் மதிப்பைக் காப்பதற்கென்றே ஒரு சட்டம் போட்டார்கள். பணத்துக்கு அந்தச் சட்டம் தெரியவில்லை. 1946இல் ஒரு டாலருக்கு 2.80 லிரா, 1958இல் 9, 1980 ஜனவரியில் 70. பையில் டாலர் வைத்திருந்தால் போலீஸ் பிடிக்கும் என்ற நிலை எண்பதுகளில் துர்குத் ஓசால் பிரதமராக வரும்வரை இருந்தது. ஆனாலும் இஸ்தான்புல்லின் தஹ்தகாலே சந்துகளில் டாலரும் ஜெர்மன் மார்க்கும் கைமாறிக்கொண்டே இருந்தன. அரசாங்க விலை ஒன்று, சந்து விலை ஒன்று. எது உண்மை விலை என்று சந்தில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

அப்புறம் சைபர்கள் வந்தன. சுல்தான் வெள்ளியைச் சுரண்டினார். அச்சகம் வந்தபின் சுரண்ட வேண்டிய அவசியமே இல்லை, இன்னொரு சைபர் போட்டால் போதும். 2000 வாக்கில் நம்மூரில் சரத்குமார் 'கோடீஸ்வரன்' நடத்தினார் அல்லவா, அதே விளையாட்டைத் துருக்கியில் நடத்தியவர்களுக்குத் தலைப்பே தலைவலி. அங்கே கோடீஸ்வரன் என்றால் டீக்கடையில் நிற்பவர்! கடைசியில் வைத்த பெயர் 'ஐந்நூறு பில்லியன் யாருக்கு வேண்டும்?' நம் கணக்கில் ஐம்பதாயிரம் கோடி.

2001 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் செஸெர், ஒரு கூட்டத்தில் பிரதமர் எஜெவித்தை நோக்கி அரசியல் சட்டப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டார். மூன்றாம் நாள் லிராவைச் சந்தையில் மிதக்க விட்டார்கள், அது மூழ்கியது. ஏப்ரலில் ஒரு கடைக்காரர் தன் கல்லா இயந்திரத்தையே கொண்டுவந்து எஜெவித் முன்னால் வீசினார். மேலேயிருந்து சட்டம், கீழேயிருந்து கல்லா. அந்த வருடக் கடைசியில் ஒரு டாலர் 14 லட்சம் லிராவைத் தாண்டியிருந்தது. புதிதாக 2 கோடி லிரா நோட்டும் வந்திருந்தது.

2005 ஜனவரி 1 அன்று ஆறு சைபர்களை மொட்டையடித்தார்கள். நேற்று 18 லட்சத்துச் சொச்சம் லிராவுக்கு விற்ற யூரோ இன்று ஒரு லிரா 83 குருஷ். மொட்டையடித்ததால் ஆளுக்கு எடை குறையவில்லை, சீப்புச் செலவுதான் மிச்சம். ஆனால் அந்தப் புதிய ஒரு லிரா நாணயம் இரட்டை உலோகத்தில், கிட்டத்தட்ட 2 யூரோ நாணயத்தின் அளவிலும் எடையிலும் அமைந்துவிட்டது. ஐரோப்பாவில் சில தானியங்கி விற்பனை இயந்திரங்கள் அதை 2 யூரோ என்றே விழுங்கின. லிராவை யூரோவாக்கியதில் சரித்திரத்திலேயே சிறந்த விகிதம் அதுதான். கமிஷன்கூடக் கிடையாது.

நேர்மையாக மாற்ற நினைப்பவர்களுக்குப் பணமாற்றுக் கடைப் பலகையில் இரண்டு பத்தி இருக்கும். 'அலிஷ்' என்பது கடைக்காரர் யூரோவை வாங்கும் விலை. 'சதிஷ்' அவர் விற்கும் விலை. உங்களிடம் லிரா இருந்து யூரோ வேண்டுமென்றால் பார்க்க வேண்டியது சதிஷை. கையிலிருக்கும் லிராவை அந்த எண்ணால் வகுக்க வேண்டும். பெருக்கிவிட்டுப் பணக்காரனான மகிழ்ச்சி கதவுவரைகூட நிலைக்காது. பெயரில் இருந்தாலும் சதி அந்தப் பத்தியில் இல்லை. இரண்டு பத்திக்கும் இடைவெளி இருக்கிறதே, அங்கேதான் இருக்கிறது. விமான நிலையத்தில் இடைவெளி இன்னும் அகலம்.

2012இல் லிராவுக்குச் சின்னம் வந்தது. நங்கூரம் போன்ற வடிவம். அதில் மேல்நோக்கிச் சாய்ந்த இரண்டு கோடுகள், மதிப்பு ஏறுவதற்கு அடையாளமாம். நங்கூரம் எந்தத் திசையில் போகும் என்று யாராவது ஒரு படகோட்டியைக் கேட்டிருக்கலாம். பிறகு, வட்டியை உயர்த்தினால் விலைவாசி ஏறும் என்று அதிபர் எர்தோவான் புதிய சித்தாந்தம் கண்டார். ஒத்துவராத மத்திய வங்கித் தலைவர்கள், 2019 ஜூலையிலிருந்து 2021 மார்ச்சுக்குள் மூன்று பேர், வீட்டுக்குப் போனார்கள். மெஹ்மெத் பாஷாவோடு ஒப்பிட்டால் நாகரிகம் வளர்ந்திருக்கிறது. போனது பதவி மட்டும்தான். 2021 செப்டம்பருக்கும் டிசம்பருக்கும் நடுவில் வட்டியை 19இலிருந்து 14 சதவீதமாக்கினார்கள், டாலர் 8 லிராவிலிருந்து 18க்குப் போனது. மறு வருடம் அக்டோபரில் பணவீக்கம் 85 சதவீதம். ஜனங்கள் வழக்கம்போலத் தலையணைக்கடியில் தங்கம் சேர்த்தார்கள்.

2009இல் வந்த 200 லிராதான் இன்றும் பெரிய நோட்டு. அன்று அதைக் கொடுத்தால் 90 யூரோவுக்கு மேல் கிடைக்கும். 2025 நடுவில் 5 யூரோகூடத் தேறவில்லை. நோட்டின் பின்பக்கம் இருப்பவர் யூனுஸ் எம்ரே, உலக ஆசையை விட்ட சூஃபிக் கவிஞர். இத்தனை வருடம் அவரோடு ஒட்டிக்கொண்டிருந்ததில் நோட்டுக்கும் ஞானம் வந்துவிட்டது.