ஞாயிற்றுக்கிழமைப் பாகவதர்

பாட்டு முடிந்துவிட்டது என்பதைக் கீபோர்டு வாசிக்கிற பையன் விரலை எடுத்தும், தபலாக்காரர் தீர்மானம் வைத்தும், பெண்கள் வரிசை புத்தகங்களை மூடியும், பிரசங்கத்துக்கு எழுந்த ஐயர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டியும் ஏகோபித்து அறிவித்த பிற்பாடு, கண்களை மூடி, இரு கைகளையும் சற்றே உயர்த்தி, பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு ரசம் கேட்பவரைப்போல மறுபடியும் பல்லவியை எடுக்கிறாரே, அவரைத்தான் சொல்கிறேன். எங்கள் சபையில் அவருக்கு அண்ணாச்சி என்று பெயர். உங்கள் சபையில் வேறு பெயராயிருக்கும்.

அண்ணாச்சிக்குச் சாரீரம் உண்டு; அதை மறுக்கிறவர் ஒருவரும் இல்லை. நாலு கட்டையிலும் பிசிறில்லாமல் பாடுவார். ஆயினும் கொயரில் நின்று ஊழியம் செய்ய இன்றியமையாதவை எவை என்று கேட்டால், குரல் என்பது அந்த வரிசையில் மூன்றாவதாக வரக்கூடியது என்பதே என் அபிப்பிராயம். பயிற்சிக்கு வருவதும், பக்கத்தில் நிற்பவர் பாடுவது தம் காதில் விழும் அளவுக்கு அடக்கிப் பாடுவதும் அதற்கு முந்தியவை. அந்த மூன்றாவது மட்டும் அண்ணாச்சியிடம் அபரிமிதமாக இருக்கிறது.

சனிக்கிழமை சாயங்காலப் பயிற்சியைப் பற்றிய ஞாபகக் குறிப்பைக் கொயர் மாஸ்டர் வெள்ளிக்கிழமையே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறார். முதலில் வரும் பதில் அண்ணாச்சியுடையது. கூப்பிய இரு கரங்களின் சித்திரம். வருகிறேன் என்பதற்கும், மன்னியுங்கள் என்பதற்கும், எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள் என்பதற்கும் பொதுவான அந்தச் சித்திரத்தைக் கண்டுபிடித்தவர் அண்ணாச்சியை மனத்தில் வைத்துத்தான் வரைந்திருக்க வேண்டும். ஏன் வரவில்லை என்று மாஸ்டர் நேரில் கேட்டபோது அவர் சொன்ன சமாதானம் எங்களுக்கெல்லாம் மனப்பாடம்: "நம்ம பாட்டுதான சார்வாள்? சின்னப்புள்ளையிலேருந்து பாடுததுதான. ஆவியானவர் நடத்துவாரு."

இதற்கு மாஸ்டர் வேதாகமத்திலிருந்தே பதில் சொல்லிப் பார்த்தார். ஆலயத்தில் பாடும்படி ஏற்படுத்தப்பட்ட 288 பேரும் பாட்டைக் கற்றுத் தேர்ந்தவர்கள் என்று முதலாம் நாளாகமம் 25ஆம் அதிகாரம் எழுதிவைத்திருப்பதையும், அதற்குப் பத்து அதிகாரம் முன்னே கெனானியா என்ற லேவியன், தேர்ந்தவனாயிருந்தபடியினாலே மற்றவர்களுக்குக் கீதவித்தையைப் பயிற்றுவித்தான் என்று காண்கிறதையும், ஆசாப், ஏமான், எதுத்தூன் ஆகிய மூவரும் தத்தம் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் பாடுவித்ததையும் அவர் சாவகாசமாக எடுத்துரைத்தார். அண்ணாச்சி பக்தியோடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அவர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வுநாளல்லவா, அன்றைக்குப் பயிற்சி இருந்திருக்காதே என்றார்.

பயிற்சியில் அப்படி என்னதான் நடக்கிறது என்று சபையார் நினைக்கலாம். பாதி நேரம் பாட்டைப் பற்றியதன்று, கணக்கைப் பற்றியது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) முதலானோர் பாடிவைத்த கீர்த்தனைகள், எட்வர்ட் வெப் பாதிரியார் 1853இல் தொகுத்து அச்சேற்றிய காலம் முதல் புத்தகமாக நம் கைகளில் புழங்கி வருகின்றன. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற அவற்றின் அமைப்பில், ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் பல்லவிக்குத் திரும்பலாம் என்ற தாராளம் இருக்கிறது. எத்தனை தரம் திரும்புவது, கடைசியில் எந்தத் தரம் காலத்தைத் தளர்த்தி நிறுத்துவது என்பதைப் புத்தகம் சொல்லாது; அதைச் சனிக்கிழமை உட்கார்ந்து தீர்மானித்தாக வேண்டும். பாமாலையில் இந்தச் சங்கடமே கிடையாது. சீமையிலிருந்து வந்த ராகத்தில், நான்கு வரி முடிந்தால் அடுத்த கவி, கடைசிக் கவி முடிந்தால் ஆமென். அண்ணாச்சியாலும் அங்கே ஒரு குறும்பும் செய்ய முடிவதில்லை, கடைசி ஸ்வரத்தை மட்டும் எங்களைவிடக் கொஞ்ச நேரம் அதிகமாகப் பிடித்துக்கொண்டிருப்பார். அவருடைய ராஜ்யம் முழுவதும் கீர்த்தனையின் பல்லவியில்தான்.

சென்ற அறுப்பின் பண்டிகையில் நடந்தது இது. கடைசிச் சரணத்துக்குப் பின் பல்லவி இரண்டு தரம், இரண்டாவது தரம் மெதுவாக என்று பேசி, பலமுறை பாடிப் பார்த்து, அவ்வண்ணமே பாடியும் முடித்தோம். சபையார் உட்கார்ந்தார்கள். அண்ணாச்சி எடுத்தார். மைக்குக்கு மிகச் சமீபத்தில் நிற்பது அவருடைய இன்னொரு வழக்கமாகையால், இது கொயர் முன்கூட்டியே செய்துகொண்ட ஏற்பாடு என்று சபையார் நம்பி மறுபடியும் எழுந்தார்கள். கீபோர்டுப் பையன் அடுத்த பாட்டுக்காகச் சுருதியை மாற்றிவிட்டிருந்தபடியால் பதறிப்போய்ப் பழைய இடத்தைத் தேட, தபலாக்காரர் தாளத்தின் நடுவே ஓடிவந்து ஏறிக்கொள்ள, நாங்கள் ஆளுக்கொரு அட்சரத்தில் வாயைத் திறக்க, ஒருவாறு அந்தப் பல்லவி கரை சேர்ந்தது. அது தமக்கே திருப்தியாக அமையவில்லை என்று அண்ணாச்சிக்குத் தோன்றியிருக்க வேண்டும். மேல்காலத்தில் இன்னொரு தரம் எடுத்தார். பிரசங்கபீடத்தில் நின்றுகொண்டிருந்த ஐயர் கடிகாரத்தைப் பார்த்துக் கையிலிருந்த தாள்களில் ஒன்றை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்ததை நான் கண்ணால் கண்டேன். இந்த ஒரு பலனை உத்தேசித்து அண்ணாச்சியை ஆதரிக்கிற ஒரு கட்சி சபையின் பின்வரிசைகளில் இருக்கிறது என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

ஆராதனை முடிந்ததும் மாஸ்டர் தம்மிடம் வருவதற்குள் அவரே மாஸ்டரிடம் போனார். "பாத்தியளா சார்வாள், சபையே எழும்பிப் பாடிட்டு. இதெல்லாம் பிராக்டிஸ் பண்ணி வருமா?" மாஸ்டர் பதில் சொல்லவில்லை. வரவே வராது என்பது உண்மைதானே.

கற்கண்டும் மிளகும் சட்டைப்பையில் வைத்திருப்பது, அங்கியின் கழுத்துப்பட்டையை அடிக்கடி இழுத்துவிட்டுக்கொள்வது முதலிய சில்லறை விசேஷங்களை விட்டுவிடுகிறேன்.

ஆனால் ஒரு துக்கவீட்டில் அண்ணாச்சியைப் பார்த்தவர்கள் அவரை அவ்வளவு எளிதில் ஏளனம் செய்ய மாட்டார்கள். எந்த ஜாமத்தில் தகவல் வந்தாலும் கொயரில் முதலில் போய்ச் சேருகிறவர் அவரே. அங்கே கீபோர்டு இல்லை, மைக் இல்லை, பல சமயம் விளக்கும் போதாது. புத்தகத்தைத் திறக்காமலே சரணங்கள் அத்தனையையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொடுக்கிற ஞாபகசக்தி அவருக்கு இருக்கிறது. இறந்தவருக்குப் பிரியமான பாட்டு எது என்று அந்த வீட்டுக் கிழவிகளிடம் தாழ்ந்த குரலில் விசாரித்துக்கொண்டு அதைப் பாடுவார். வெளியூரிலிருந்து மகன் வந்துசேரும் மட்டும் பாட்டு நீண்டாக வேண்டும். பல்லவி எத்தனை தரம் என்று கணக்குக் கேட்பவர் அங்கே யாரும் இல்லை. விடிகிறவரை அவர் எடுக்க எடுக்க நாங்கள் பின்னால் பாடியிருக்கிறோம், அப்பொழுதெல்லாம் அவருக்குப் பின்னால் பாடுவது எனக்குப் பெருமையாகவே இருந்திருக்கிறது.

இவ்வளவையும் மனதாரச் சொன்ன பிறகும், ஒரு காரியத்தில் எனக்கு அவர்மேல் உள்ள கோபம் தணியவில்லை. பக்கத்துக் கிராமத்திலிருந்து கல்லூரிக்குப் படிக்க வருகிற ஒரு பெண், வகுப்பு முடிந்து, பஸ் பிடித்து, சனிக்கிழமைதோறும் பயிற்சிக்கு வந்துகொண்டிருந்தாள். கூச்ச சுபாவம், குரல் சிறியது, ஆனால் சுருதி விலகாதது. கிறிஸ்மஸ் பாட்டில் இரண்டாம் சரணத்தின் முதல் வரியை அவள் மட்டும் தனியே பாடுவதென்று மாஸ்டர் தீர்மானித்து, பல வாரங்கள் பிரயாசைப்பட்டுத் தைரியம் கொடுத்துப் பழக்கியிருந்தார். அன்று அவளுடைய தாயும் தகப்பனும் ஊரிலிருந்து வந்து முன்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சரணம் வந்தது. அவள் மூச்சை இழுத்த அதே கணத்தில் அண்ணாச்சி, முழுக்குரலில், கண்களை மூடிக்கொண்டு, அந்த வரியைப் பாடினார். அது அவளுக்குரியது என்று அவருக்குத் தெரியாது. தெரிவிக்கப்பட்ட நாளில் அவர் அங்கே இல்லை. அவள் வாயை மூடிக்கொண்டு புத்தகத்தைப் பார்த்தவாறே நின்றாள். பொங்கலுக்குப் பிறகு அவள் பயிற்சிக்கு வரவில்லை. ஆவியானவர் நடத்தினார் என்று இதற்கு யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம்.

ஆகையால் அண்ணாச்சி அவர்களுக்கும், அவரை ஒத்த மற்ற அண்ணாச்சிமாருக்கும் ஒரு விண்ணப்பம். பயிற்சிக்கு வாருங்கள், உங்களுக்காக ஓர் இடம் எப்போதும் காலியாகத்தான் இருக்கிறது. வர இயலாத வாரங்களில் வீட்டம்மாவோடும் பிள்ளைகளோடும் பெஞ்சில் உட்கார்ந்து மனம்போலப் பாடுங்கள். பல்லவியை எத்தனை தரம் வேண்டுமானாலும் எடுங்கள். அங்கே மைக் கிடையாது.