ஆறாவது தூணைக் காணோம்

2015 ஜூலை 1ஆம் தேதி டில்லியில் ஒன்பது தூண்களை நட்டார்கள். மொத்தக் கட்டடத்துக்கு டிஜிட்டல் இந்தியா என்று பெயர். பிராட்பேண்டுக்கு ஒரு தூண், செல்போனுக்கு ஒரு தூண், மின்னாளுகைக்கு ஒரு தூண் என்று வரிசையாகப் படித்துக்கொண்டு வந்தவன் ஆறாவதில் சொக்கிப்போனேன். 'அனைவருக்கும் தகவல்.'

நான் வடசென்னைக்காரன். கேட்காததெல்லாம் எங்கள் பக்கம் வீடு தேடி வந்துவிடும். நிலக்கரித் தூசி வரும், அனல்மின் நிலையத்துச் சாம்பல் வரும், ஊர்க் குப்பை மொத்தமும் கொடுங்கையூருக்கு வரும், சாலையை அடைத்துக்கொண்டு கன்டெய்னர் லாரி வரும். கேட்டது மட்டும் வராது, நாங்கள்தான் தேடிப் போக வேண்டும். அப்படித்தான், பத்து வருடம் ஆகிவிட்டதே, ஆறாவது தூணை எங்கள் பக்கம் எந்தத் தெருமுனையில் நட்டிருக்கிறார்கள் என்று ராயபுரத்தில் ஷேர் ஆட்டோ பிடித்து எண்ணூர் வரை தேடிக்கொண்டு போனேன்.

முதலில் கண்ணில் பட்டது ஒரு சேவை மையம். சுவரில் போஸ்டர், அதில் ஒரு பாட்டி பல் தெரியச் சிரித்தபடி செல்போனைத் தூக்கிக் காட்டுகிறார். போஸ்டருக்குக் கீழே நிஜப் பாட்டி ஒருவர் நின்றிருந்தார். காசிமேட்டில் நாற்பது வருடமாக மீன் வெட்டுகிறவர். முதியோர் உதவித்தொகை நின்றுபோய், ஆதாரைச் சரிபார்க்க வந்திருக்கிறார்.

"வெரல நல்லா அமுக்குமா."

"இதுக்கு மேல அமுக்குனா மிஷினுதான் ஒடையும்."

வலது கட்டைவிரல் விழவில்லை. இடது விழவில்லை. ஆள்காட்டி, மோதிர விரல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான் பையன். அந்த அம்மா விரலை முந்தானையில் துடைத்தார், தலையில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றினார், மறுபடி வைத்தார். மிஷினில் சிவப்பு விளக்கு.

"இன்னாமா, கையில ரேகையே இல்ல?"

"நாப்பது வருசமா கொடுவா செதிலு சொரண்டுன கை தம்பி. போயிருக்கும். எதுனா மீன் வயித்துல தேடிப் பாரு."

சரி, கண்ணைக் காட்டு என்றான். புரைக்கு ஆபரேஷன் ஆன கண். கருவிழி மிஷினும் உதட்டைப் பிதுக்கியது. கடைசி வழி ஓடிபி. அது போனது மருமகனின் நம்பருக்கு.

"அவன் கடல்ல கீறான்."

"ஓடிபி பத்து நிமிஷம்தான்மா இருக்கும்."

"கரைக்கு வர நாலு நாளாவும். அதுவரிக்கும் புடிச்சி வெய்யி."

பையனைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவனுக்குக் கிடைப்பது ஒரு விண்ணப்பத்துக்கு இவ்வளவு என்று கமிஷன். அவனும் அந்த மிஷினுக்கு முன்னால் நிற்கிற இன்னொரு விரல்தான். என் கோபம் 'பயனாளி' என்ற சொல்லைக் கண்டுபிடித்த மகானுபாவர் மேல். ஓட்டுப் போடும்போது குடிமகள். உதவித்தொகை கேட்டு வரிசையில் நின்ற நிமிடத்திலிருந்து பயனாளி. மிஷினைப் 'பயனருக்கு இணக்கமானது' என்று விளம்பரப்படுத்துகிறார்கள். மிஷினுக்கு இணக்கமாகப் பயனாளிதான் விரலைத் திருத்திக்கொண்டு வர வேண்டும் போலிருக்கிறது.

அந்த அம்மாவைப் பற்றி அரசுக்கு என்னென்ன தெரியும் என்று வெளியே வந்து விரல் விட்டு எண்ணினேன் (எனக்கு ரேகை இருக்கிறது). பத்து விரல், இரண்டு கருவிழி, முகம், வங்கிக் கணக்கு. எந்தத் தேதியில் எத்தனை கிலோ ரேஷன் அரிசி வாங்கினார் என்பது. மருமகனுடைய படகின் நீளம், இன்ஜினின் குதிரைத்திறன், பதிவு எண். போதாதென்று 2024 செப்டம்பரில் தேசிய மீன்வள டிஜிட்டல் தளம் என்று ஒன்றைத் திறந்து, மீன் பிடிப்பவர், விற்பவர் எல்லாரும் அதில் பதிந்து தொழில் அடையாளம் வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். அரசைப் பற்றி அந்த அம்மாவுக்கு என்ன தெரியும்? "சர்வரு இல்லியாம், திங்கக்கிழம வரச் சொல்லிக்கீது." அவ்வளவுதான்.

எண்ணூர் விரைவுச் சாலையில் ஆட்டோ நின்றுவிட்டது. விரைவுச் சாலை என்று பெயர் வைத்தவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு. கண்ணுக்கெட்டிய தூரம் டிரெய்லர் வரிசை. அதில் நிற்கும் ஒவ்வொரு பெட்டிக்கும் ஆர்எஃப்ஐடி சில்லு உண்டு. லாஜிஸ்டிக்ஸ் டேட்டா பேங்க் என்று 2016இல் நவி மும்பையின் ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் தொடங்கி நம் துறைமுகங்கள் வரை வந்த ஏற்பாடு அது. பெட்டி நம்பரைத் தட்டினால் எந்த வாசலை எப்போது தாண்டியது என்று சொல்லிவிடும். வண்டி நிழலில் ஸ்டவ் பற்றவைத்துச் சாம்பார் கொதிக்கவிட்டிருந்த டிரைவர் சொன்னார்: "பொட்டிக்குத்தான் சார் மரியாதை. பொட்டி எங்க நிக்குதுன்னு ஜெர்மன்காரன் பாத்துக்கினு கீறான். நான் காத்தால இருந்து ஒதுங்க எடம் தேடினு கீறேன், எவன் பாக்குறான்?"

பெட்டி தொலையாது. ஆறு தொலையும். 1996இல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடற்கரை மண்டல வரைபடத்தில், எண்ணூர் கழிமுகத்தில் சுமார் 6,500 ஏக்கர் அலையேறும் நீர்நிலையாகக் காட்டப்பட்டிருந்தது. கொசஸ்தலையாறு கடலைச் சேரும் இடம். இறாலும் மடவையும் நண்டும் காட்டுக்குப்பத்துக்குச் சோறு போட்ட இடம். 2017இல் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டபோது அதிகாரிகள் எடுத்துக் கொடுத்த இன்னொரு வரைபடத்தில் அந்தக் கழிமுகத்தையே காணவில்லை. வடிவேலு கிணற்றைத்தான் தொலைத்தார். அதுவும் சினிமாவில். நாட்டிலேயே முதன்முதலாக, 1997இலேயே, தகவல் உரிமைக்குச் சட்டம் போட்ட மாநிலம் நம்முடையது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். கோட்டையைப் பாராட்டாமல் டில்லியை மட்டும் பாராட்டினால் பாரபட்சம்.

ஆலைக்காரர்களுக்கு இந்தத் தொல்லை எல்லாம் கிடையாது. 2018 ஆகஸ்டில் சுற்றுச்சூழல் அமைச்சகம் 'பரிவேஷ்' என்று ஒரு தளம் திறந்தது. அந்தப் பெயரின் ஆங்கில விரிவுக்குள் 'நற்பண்புள்ள' என்று அர்த்தமாகிற ஒரு சொல்லும் உட்கார்ந்திருக்கிறது; தனக்குத்தானே நன்னடத்தைச் சான்றிதழ் எழுதிக்கொண்ட இணையதளம். ஒற்றைச் சாளரம். ஆலை கட்ட வருகிறவர் இருந்த இடத்திலிருந்தே விண்ணப்பிக்கலாம், கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று பார்க்கலாம். ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவருக்கும் ஒரு சாளரம் உண்டு. அவர் வீட்டு சன்னல். அதையும் சாம்பலுக்குப் பயந்து சாத்தியே வைத்திருக்கிறார்.

அந்த ஆலை என்ன செய்யும் என்று குப்பத்துக்காரர் தெரிந்துகொள்ள வேண்டாமா? வேண்டும், 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையே சொல்கிறது. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் சுருக்கம் மாநில மொழியில் தரப்படும். முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். சாவுச் செய்தி தமிழில், காரணம் ஆங்கிலத்தில். 2020இல் அந்த அறிவிக்கையையே மாற்ற ஒரு வரைவு வந்தது, ஆங்கிலத்திலும் இந்தியிலும். அரசமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகள் எல்லாவற்றிலும் அதைப் பெயர்த்துக் கொடு என்று டில்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று சொன்னது. மத்திய அரசு என்ன செய்தது? பெயர்ப்பதற்கு ஆள் தேடவில்லை, உச்ச நீதிமன்றத்துக்கு வழக்கறிஞரைத் தேடியது. அனைவருக்கும் தகவல் தரக் கூடாது என்பதற்காக வழக்காடிய அரசின் கட்டடத்தில்தான் ஆறாவது தூண் நிற்கிறது.

எண்ணெய்க் கதை உங்களுக்குத் தெரியும், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2016 டிசம்பர் 30 அன்று பீம் செயலியை வெளியிட்டார்கள். இனி பணமே கையால் தொட வேண்டாம் என்றார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே 'பிடபிள்யூ மேப்பிள்', 'டான் காஞ்சிபுரம்' என்று இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கரை ஒதுங்கிய எண்ணெயைக் கையால் தொட்டு, வாளியில் அள்ளினார்கள் எங்கள் ஆட்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கழிமுகத்தை மூடியது. இந்தத் தடவை மீனவர்கள் மக்கில் மொண்டார்கள். ஆறே வருடத்தில் வாளியிலிருந்து மக்குக்கு முன்னேற்றம். மக்கு யார் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

அந்த எண்ணெய் காய்வதற்கு முன்னால் வந்தது டிசம்பர் 26.

அன்று சுனாமியின் பத்தொன்பதாவது நினைவு நாள். குப்பங்களில் கடலுக்குப் பால் ஊற்றிக் கும்பிடும் நாள். 2004க்குப் பிறகு அரசு சும்மா இருக்கவில்லை, உண்மையைச் சொல்ல வேண்டும். 2007இல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. இன்றைக்கு சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலடியில் பூமி குலுங்கினால் சில நிமிடங்களில் இங்கே தெரிந்துவிடும். எண்ணூர் பெரியகுப்பத்தில், வீட்டுக்கு எதிரே, கடலடியில் போகிற குழாய் விரிசல் விட்டால்?

அன்று நள்ளிரவை நெருங்கும் நேரம். கப்பலிலிருந்து கோரமண்டல் உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் குழாயில் கசிவு. பெரியகுப்பம், சின்னகுப்பம், எர்ணாவூர் வரை தூக்கத்தில் மூச்சு முட்டியது. கண் எரிந்தது, தொண்டை அடைத்தது, வாந்தி வந்தது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கிடைத்த பைக்கிலும் ஆட்டோவிலும் ஏறி, எந்தப் பக்கம் போனால் காற்று நல்ல காற்று என்று தெரியாமலேயே ஓடினார்கள். ஐம்பது பேர் அளவில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். ஒரு சங்குகூட ஊதவில்லை என்றார்கள் ஊர்க்காரர்கள். கதவைத் தட்டி எழுப்பியது பக்கத்து வீட்டுக்காரர்.

இதற்கு இரண்டு மாதம் முன்புதான், 2023 அக்டோபரில், தமிழ்நாடு முழுக்க செல்போன்கள் ஒரே நேரத்தில் அலறின, ஞாபகம் இருக்கிறதா? பேரிடர் வந்தால் இப்படித்தான் எச்சரிப்போம், பயப்படாதீர்கள், இது வெறும் சோதனை என்று குறுஞ்செய்தி வந்தது. சோதனைக்கு அலறியது. எங்களுக்கு வந்த சோதனைக்கு மூக்கு மட்டும்தான் வேலை செய்தது.

தகவல் இல்லாமல் போகவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். அன்றிரவே மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தது. ஆலை வாசலில் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அமோனியா, வரம்பு 400. கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம்; வரம்பு 5. இலக்கம் சுத்தமாக அளந்து எழுதினார்கள். பிற்பாடு 5.92 கோடி ரூபாய் இழப்பீடும் விதித்தார்கள். 2015இல் கொண்டுவந்த காற்றுத் தரக் குறியீட்டில் கணக்கெடுக்கும் எட்டு மாசுகளில் அமோனியாவும் ஒன்று. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று குழந்தைக்கும் புரிகிற மாதிரி செயலியில் நிறம் காட்டுவார்கள். நிறத்தைப் பார்த்துக்கொண்டு படுக்கையில் கிடந்திருந்தால் அந்தக் குழந்தையின் நிறம் மாறியிருக்கும்.

இன்னொன்றையும் கேளுங்கள். போபாலில் 1984இல் மனிதர்கள் கொத்துக் கொத்தாகச் செத்த பிறகு, 1989இல் அபாயகரமான ரசாயனங்களுக்கான விதிகளை மத்திய அரசு கொண்டுவந்தது. அதில் ஒரு விதி: பெரும் விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய பக்கத்துக் குடியிருப்புக்காரர்களிடம், என்ன ஆபத்து, நடந்தால் அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். செயலி கிடையாது, ஓடிபி கிடையாது. ஊருக்குள் வந்து வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதான். ஆறாவது தூணை நடுவதற்கு இருபத்தாறு வருடம் முன்பே இருந்த சட்டம் அது. 2023இல் பெரியகுப்பத்து மக்கள் எந்தப் பக்கம் ஓடுவது என்று கேட்டுக்கொண்டு ரோட்டில் நின்றார்கள்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை தேடியதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். தகவல் எங்களிடமிருந்து மேலே போகிறது. மேலேயிருந்து எங்களுக்கு வருவது சாம்பல்.

ஒரு காலத்தில் வடசென்னையில் ஆலைச் சங்கை வைத்துத்தான் அடுப்பு மூட்டினார்கள். பின்னி மில் சங்கு ஊதினால் கடிகாரம் இல்லாத வீட்டிலும் மணி தெரியும். தொழிலாளி இரண்டு நிமிடம் தாமதமாக வந்தால் முதலாளிக்கு நஷ்டம் என்பதால் ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி ஊதினார்கள். ஊரை எழுப்பத் தெரியாதவர்கள் இல்லை இவர்கள்.

ஆகையால் டில்லிக்கும் கோட்டைக்கும் சேர்த்து ஒரு விண்ணப்பம். எந்தத் தளத்தில் பதிவேற்றுவது என்று தெரியாததால் இங்கே எழுதுகிறேன். ஆறாவது தூண் எங்களுக்கு வேண்டாம். பெரியகுப்பத்தில் ஒரு கம்பம் நடுங்கள். அதன் உச்சியில் ஒரு சங்கு வையுங்கள். கீழே தமிழில் ஒரு பலகை: இந்தக் குழாயில் போவது இன்னது, கசிந்தால் இந்தத் தெருவழியாக இந்தப் பக்கம் ஓடு. நீங்கள் எங்களுக்குச் சங்கு ஊதுவதற்குள் அது ஒரு தடவையாவது ஊதட்டும். பதிலுக்குக் கைரேகை வேண்டுமென்றால் குப்பமே வரிசையில் நின்று தருகிறோம். விழுந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.