படுத்துக்கொண்ட மாப்பிள்ளை

கேள்வி: கேமராவில் எடுத்த கல்யாணப் படத்துக்குக் கம்ப்யூட்டரில் கொஞ்சம் வெளிச்சம் கூட்டி பிரிண்ட் போட்டேன். எல்லார் முகமும் சுண்ணாம்பு அடித்தது போல வந்திருக்கிறது. என் கைராசியா?

பதில்: கைராசியைத் திட்டாதீர்கள். ஒவ்வொரு படத்துக்குள்ளும் கேமரா ஒரு ஜாதகம் எழுதி வைக்கிறது, பெயர் எக்ஸிஃப். ஃபிளாஷ் அடித்ததா, ஒயிட் பேலன்ஸ் என்ன, எடுத்தது முகமா, மலையா, இரவுக் காட்சியா, எல்லாம் அதில் இருக்கும். 2002-ல் வந்த அதன் 2.2 பதிப்புக்கு 'எக்ஸிஃப் பிரிண்ட்' என்றே பெயர். அதைப் படிக்கத் தெரிந்த பிரிண்டர், ஜாதகம் பார்த்து நிறத்தைச் சரிசெய்துகொள்ளும்.

திருத்தி சேவ் செய்யும்போது சில மென்பொருள்கள் ஜாதகத்தையே கிழித்துவிடும். பிரிண்டர் குத்துமதிப்பாக அடிக்கும். சில மென்பொருள்கள் அதைப் பத்திரமாக வைத்திருக்கும். அது இன்னும் வம்பு! நீங்கள் வெளிச்சம் கூட்டியது தெரியாமல், பழைய குறிப்பைப் பார்த்து பிரிண்டரும் தன் பங்குக்குத் திருத்தும். மாமியார் உப்புப் போட்ட சாம்பாரில் மருமகளும் போட்ட கதை. உங்கள் வீட்டில் நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

எந்தப் பக்கம் நிமிர்த்துவது என்ற குறிப்பும் உள்ளே உண்டு. அது தொலைந்தால், நின்ற மாப்பிள்ளை படுத்துக்கொள்வார். நீங்கள் வெட்டி எறிந்த பெரியப்பாகூட, உள்ளே ஒட்டியிருக்கும் குட்டிப் படத்தில் சிரித்துக்கொண்டிருக்கலாம். எல்லா மென்பொருளும் அதைப் புதுப்பிப்பதில்லை.

மூலப் படத்தைத் தொடாமல் நகலில் கைவையுங்கள். பிரிண்டரில் 'ஆட்டோ' திருத்தத்தை அணைத்துவிடுங்கள். அப்புறம், கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் படமும் சுருங்கும், ஜாதகமும் வழியிலேயே காணாமல்போகும்.