ஜன்னல் எந்தப் பக்கம்?

டச்சு ஓவியர் வெர்மீரைப் பற்றிப் படங்களோடு ஒரு புத்தகம் கிடைத்தால், முதலில் ஜன்னல் எந்தப் பக்கம் என்று பார்ப்பேன். அந்த டெல்ஃப்ட்காரர் வரைந்த அறைகளில் வெளிச்சம் பெரும்பாலும் இடப்பக்கமிருந்துதான் வரும். பால் ஊற்றும் பணிப்பெண்ணுக்கு வலப்பக்கம் ஜன்னல் இருந்தால், யாரோ ஃபிலிமைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். புத்தகத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிடலாம். (லேஸ் பின்னுகிறவளுக்கு மட்டும் வெளிச்சம் வலப்பக்கம்தான். அவளைச் சாட்சிக்கு இழுத்துக் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.)

இதற்கெல்லாம் புத்தகத்தைத் திறந்தாக வேண்டும். “கவரைப் பிரிச்சா வாங்கித்தான் ஆகணும், சார்” என்பார் கடைக்காரர். ஆகவே, பலர் எச்சில் தொட்டுப் புரட்டிய மாதிரிப் பிரதியைப் பூதக்கண்ணாடியோடு அணுகுவேன். நான்கு மைகளும் சரியாகப் பொருந்தாத அச்சில், முத்துத் தோடு அணிந்த பெண்ணுக்கு ஒரே காதில் இரண்டு தோடு தொங்கும். வாங்குகிறவருக்கு லாபம்தான், ஓவியருக்கு நஷ்டம்.

நீலத்தில் மட்டும் அச்சகத்தாரிடம் கொஞ்சம் இரக்கம் காட்டுவேன். ஆப்கானிஸ்தானில் வெட்டியெடுத்த கல்லை அரைத்துச் செய்த சாயத்தை அச்சு மையில் கொண்டுவருவது லேசல்ல. அதற்காக அந்த முத்துத் தோட்டுப் பெண்ணின் தலைப்பாகையை, சொட்டு நீலம் கூடிப்போன வேட்டி மாதிரி ஆக்கிவிட்டால் எப்படி?

அப்புறம் அளவு. முத்துத் தோட்டுப் பெண்ணின் படம் 44.5 செ.மீ. உயரம். லேஸ் பின்னுகிறவள் சுமார் 24 செ.மீ.தான்; பெரிய புத்தகங்களில் அவள் அசலைவிட வளர்ந்துவிடுகிறாள். ‘டெல்ஃப்ட் காட்சி’யோ ஒரு மீட்டருக்கு மேல் அகலம். அதை இரண்டு பக்கத்துக்கு விரித்துப் போடுவார்கள். ஊரின் நடுவிலுள்ள பாலம் பைண்டிங் பள்ளத்துக்குள் விழும். பாலத்தைப் பார்க்கப் பக்கத்தை அமுக்கினால் முதுகெலும்பு முறியும். புத்தகத்துக்குத்தான்.

டிரெஸ்டனில் உள்ள கடிதம் வாசிக்கும் பெண் இன்னொரு பரீட்சை. அவளுக்குப் பின்னால் வெறும் சுவர் என்றே நெடுங்காலம் பார்த்துவந்தோம். மேல்பூச்சு வேறு யாரோ பின்னாளில் அடித்தது என்று தெரிந்து சுரண்டி எடுத்தார்கள். 2021இல் அங்கே மன்மதன் நின்றான். ‘புதிய பதிப்பு’ என்று அட்டையில் போட்டுவிட்டு உள்ளே வெறும் சுவரைக் காட்டும் புத்தகத்தில், புதிது விலை மட்டும்தான். அந்தச் சுவரின் மௌனம் பற்றி ஆசிரியர் ஒரு பத்தி உருகியிருந்தால், மன்மதன் தோளுக்கு மேல் நின்று அதை வாசிப்பதாகக் கற்பனை செய்துகொள்வேன். காசு கொடுக்காமலே கிடைக்கும் சந்தோஷம்.

எழுத்து விஷயத்தில் என் சோதனை ஒன்றே ஒன்று: பேக்கரிக்காரர் வருகிறாரா? 1675இல் வெர்மீர் 43 வயதில் இறந்தபோது கடனும் 11 பிள்ளைகளும் மிச்சம். ரொட்டிக் கடை பாக்கி மட்டும் 600 கில்டருக்கு மேல். அதற்கு ஈடாக அவர் மனைவி இரண்டு ஓவியங்களைக் கொடுத்தார். ‘ஒளியின் மகாகவி’ என்று நாலு இடத்தில் எழுதிய ஆசிரியர் இந்த ரொட்டிக் கணக்கை விட்டிருந்தால், அவருக்கு வீட்டு மளிகைப் பட்டியலோடு பழக்கமில்லை என்று முடிவுகட்டுவேன்.

பேக்கரிக்காரர் வந்துவிட்டால் பின்னட்டையைத் திருப்பி விலையைப் பார்ப்பேன். அந்த விலைக்கு என் வீட்டில் எத்தனை மாதத்து ரொட்டி என்று கணக்குப் போடும்போதுதான், அவர் எவ்வளவு மலிவாக முடித்துக்கொண்டார் என்பது உறைக்கும்.